தேதி கேட்ட மெஷின்

பிள்ளைகளே, கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்பா ரொம்பத்தான் பயப்படுகிறார் என்று கேலி செய்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு ஒரே காலையில் வந்தது. அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தேன். அனகாபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எங்கள் சார் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். அது ரிசல்ட்டைப் பூட்டி, டெலிபோன் லைன் வழியாக டாக்டர்களுக்கு அனுப்பும். நடுவில் யார் எடுத்தாலும் கிறுக்கல்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிற வியாதிகளெல்லாம் அதில் இருந்தன. பெரியவளே, நீ வயிற்றில் இருந்தபோது அம்மாவின் ரிசல்ட்டும் அப்படித்தான் போயிற்று.

அன்று பிரிண்டரைச் சரிபார்க்க நானும் சாரும் அங்கே போயிருந்தோம். கரண்ட் போய் வந்தது. உள்ளே கடிகாரம் இல்லாத பழைய மெஷின். விழித்ததும் தேதி என்ன, மணி என்ன என்று கேட்டது. அங்கே வேலை பார்த்த அக்கா இரண்டு முறை எண்டரைத் தட்டிவிட்டு டீ கிளாஸை எடுத்தார்.

"தேதி போடலையாம்மா?" என்றார் சார்.

"இன்னாத்துக்கு சார்? அதான் செவுத்துல காலண்டர் மாட்டிகீதே. ஒரு நாளும் போட்டதில்ல."

சார் அவசரமாகக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். மெஷின் விழித்ததும் போடுகிற தேதியையும் மணியையும் வைத்துத்தான், ரிசல்ட்டைப் பூட்டப் புரோகிராம் தினமும் புதுச் சாவி செய்யும். எதுவும் போடாவிட்டால் அந்த மெஷினுக்கு என்றைக்கும் எண்பதாம் வருஷத்து ஜனவரி ஒன்று, நள்ளிரவு. முந்தின நாள் பூட்டியதையும் அன்றையதையும் அடுத்தடுத்து ஸ்கிரீனில் போட்டார். நிலையத்தின் பெயர் வரும் முதல் வரி, கிறுக்கலிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருந்தது.

"தினமும் ஒரே சாவிப்பா," என்றார் என்னிடம். "ரெண்டு நாள் பேப்பர் எவன் கையில கிடைச்சாலும் பூட்டைப் பிரிச்சுடுவான்."

பேப்பர் என்றதும் எனக்கு ஆபீஸுக்கு எதிரே இருந்த டீக்கடை நினைவுக்கு வந்தது. நிலையத்திலிருந்து வரும் பூட்டிய ரிசல்ட்டுகளைச் சோதனைக்காக எங்கள் ஆபீஸில் பிரிண்ட் எடுப்போம். யாருக்குப் புரியப் போகிறது என்று அந்தக் கடைக்கு வடை மடிக்கக் கொடுத்துவிடுவோம்.

சார் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். இனி சாவி வேண்டுமானால், கீபோர்டில் கைக்கு வந்ததைத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே விழும் நேர இடைவெளியிலிருந்து சாவி பிறக்கும்.

"இன்னா சார், ஆர்மோனியம் வாசிக்க சொல்றியா?" என்றார் அக்கா.

சாயங்காலம் டீக்கடையில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்து, மீதமிருந்த எங்கள் தாள்களை வாங்கிக்கொண்டேன். வடையோடு போனவை போனவைதான். அப்போது நாங்கள் இருந்த செம்பாக்கம் வீட்டின் பின்பக்கம் அவற்றை வாளித் தண்ணீரில் அமுக்கி, கூழாகும்வரை தனியாகப் பிசைந்துகொண்டிருந்தேன்.