மீன் எண்ணெயும் ஒரு மன்னிப்பும்

சோதனைக் குழாயில் ரத்தம் இரண்டாகப் பிரிந்து நின்றது. அடியில் சிவப்பு, தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய மேல்பகுதியில் கறந்த பால் போல வெள்ளை. தொண்ணூற்றெட்டில் கொல்லிமலையின் சிறிய மருத்துவமனை ஒன்றில் நான் ரத்தப் பரிசோதனை வேலையில் இருந்தேன். மின்சாரம் போனதால் அப்படியே நிறுத்தி வைத்திருந்த குழாய் அது. எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு மனுசன அநியாயமாப் பேசிட்டேம்மா" என்றார்.

ரத்தத்துக்கு உரியவர் எடப்புளி நாடு என்கிற மலை ஊர்த் தொகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த விவசாயி. ஆறு மாதத்துக்கு முன்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வந்தார். கணையம் வீங்கியிருந்தது. குடிப்பவர்களுக்கு அடிக்கடி வருகிற நோய் அது. "நான் குடிக்கறதில்லீங்க" என்று அவர் சொன்னதை டாக்டர் நம்பவில்லை. மனைவியின் எதிரிலேயே கடிந்துகொண்டார். ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள், பெரக்கரை நாட்டிலிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இந்த முறை அதே வலியோடு மனிதர் தனியாக வந்திருந்தார்.

வலி தணிந்ததும் டாக்டர் அவரது கட்டிலருகே போனார். "உங்க ஈரல் கொழுப்ப அளவுக்கு மேல செஞ்சு ரத்தத்துல விடுதுங்க. ரத்தம் பாலாட்டம் வெளுத்திருந்தது அதனாலதான். வலிக்குக் காரணமும் அதுதான், குடியில்லீங்க. மீன் எண்ணெய் மாத்திரை தாரேன்."

"கொழுப்பு கொறையறதுக்கு எண்ணெயாங்க?"

"கடல் மீனோட கொழுப்பு வேற மாதிரிங்க. ஈரல் செல்லுக்குள்ள போயி, புதுசாக் கொழுப்பு செய்யறத மட்டுப்படுத்தும். இருக்கறத எரிக்கச் சொல்லும்."

கொழுப்பு என்றால் உடம்புக்கு விறகு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். செல்லுக்கு உத்தரவு போடுகிற கொழுப்பும் உண்டு என்பது எனக்குப் புதிது. இன்று நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் இயந்திரமே எண்களை அச்சடித்துத் தந்துவிடுகிறது. யாருடைய ரத்தத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை.

மாத்திரையும் பத்தியமுமாகச் சில மாதங்களில் அவர் ரத்தம் தெளிந்தது. ஏப்பம் விட்டால் கருவாட்டு வாடை வருகிறது என்பது மட்டும்தான் அவருடைய குறை. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. டாக்டர் அதுவரை காத்திருக்கவில்லை. விவசாயியை வீட்டுக்கு அனுப்பிய ஞாயிற்றுக்கிழமையே, "சாட்சிக்கு நீயும் வாம்மா" என்று என்னையும் அழைத்தார். விவசாயியோடு மூவருமாக அவர் மனைவி இருந்த ஊருக்கு பஸ் ஏறினோம். வளைவுகளில் டாக்டருக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார்.

அந்த அம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் டாக்டர் உட்காரவில்லை.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு குடிக்கறவரு இல்லீங்க. நோவு வேற, அதுக்கு மாத்திரை குடுத்திருக்கேன். விசாரிக்காமப் பேசுனது என்னோட தப்புங்க. மன்னிச்சுக்கோங்க."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "உங்க மேல என்னங்க கோவம்? பன்னெண்டு வருசமாக் கூட இருந்தவ நானு. இவரு சொல்லி நம்பல. நீங்க சொன்னதும் நம்பிட்டனுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்து, "வலி இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"அந்த மாத்திரைய எப்பக் குடுக்கோணும்?" என்றார் என்னிடம்.

"சாப்பாட்டோடங்க" என்றேன்.

அந்த அம்மாள் உள்ளே போய், வீட்டை விட்டு வந்தபோது கொண்டுவந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தார்.