போயிட்டு வரும் கம்ப்யூட்டர்

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் ஒரு துணிக்கடை. அங்கே நான் கல்லாவில் உட்கார்ந்த காலத்தில் வாங்கிய முதல் கம்ப்யூட்டருக்குக் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையைத் தட்டினால் பில் வரும். சாயந்திரம் பட்டென்று சுவிட்சைத் தட்டிவிட்டுக் கிளம்புவேன். ஒரு வம்பும் இல்லை.

வம்பு அடுத்த சிஸ்டத்தோடு வந்தது. மூலையில் 'ஸ்டார்ட்' என்று ஒரு பொத்தான். நிறுத்துவதற்கும் அதைத்தான் அமுக்க வேண்டுமாம். எந்தப் புத்திசாலி யோசித்தானோ! அமுக்கினால் 'ஷட் டவுன்' என்று வரும். என் முதலாளி செட்டியார் அதைப் படித்துவிட்டார். சாமி விளக்கைக்கூட 'அணை' என்று சொல்லாத மனுஷர், 'குளிர வை' என்பார்.

"கடைக்குள்ள ஷட் டவுனா? அது வாயக் கழுவ. கீழ வேற என்னம்மா போட்டிருக்கு?"

"ரீஸ்டார்ட், முதலாளி. போயிட்டுத் திரும்ப வரும்."

"ஆங்! போயிட்டு வரேன்னு மரியாதையா சொல்லுது. அதையே அமுக்கு லா."

அன்றிலிருந்து தினமும் ரீஸ்டார்ட். திரை கறுக்கும் நொடியில் குனிந்து சுவரில் இருக்கும் சுவிட்சைக் 'குளிர வைப்பேன்'. நீல வானமும் பச்சை மேடுமாக ஒரு சிஸ்டம் வந்தது, கட்டம் கட்டமாக இன்னொன்று வந்தது, முதலாளி மாறவில்லை. என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

போன தீபாவளிக்கு முன்னால் புதுசு வாங்கினார். ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது. வேகமோ பேய் வேகம். ரீஸ்டார்ட்டை அமுக்கி நான் குனிவதற்குள் 'வெல்கம்' என்று பல்லிளித்தது. மறுபடி அமுக்கினேன். வெல்கம். இன்னொரு தரம் அமுக்கினால், 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எனக்கோ ஃபெர்ரியில் அக்கரை போய், நிபோங் திபாலுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீட்டில் முறுக்கு மாவு காத்துக்கொண்டிருந்தது. ஒரு வழியாக வட்டம் நின்றது. வெல்கம்!

"ஷட் டவுன் அமுக்கட்டுமா முதலாளி?"

"நல்ல நாள் வருதும்மா... இன்னொரு தடவை பாரேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! கைப்பையைத் தோளில் மாட்டினேன்.

"நீங்களே பாத்துக்குங்க. நான் போறேன்!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அந்தக் கடையில் யாரும் சொல்லாத சொல். கடையை விட்டே போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல, முதலாளி முகம் சுருங்கிப்போனது.

அவர் கல்லாவுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் கையாலேயே ஷட் டவுனை அமுக்கினார். திரை கறுத்தது. திரும்ப வரவில்லை.

"அது போனா போவட்டும்," என்றார். "நீ சரியாச் சொல்லும்மா."

"போயிட்டு வரேன் முதலாளி."