கதைச்சனான்

மஞ்சள் நிற மார்க்கர் பேனை ஒன்று. அதன் மூடி முழுக்கப் பல் அடையாளம். வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் அவன் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, தடித்த புத்தகம் ஒன்றில் அந்தப் பேனையால் வரி வரியாக நிறம் அடித்துக்கொண்டிருப்பான். மெரிலேண்ட்ஸ் பக்கம் ஒரு பேஸ்ட்ரி தொழிற்சாலையில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். அவன் மலேசியாத் தமிழன். பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழியில் பட்டம் படிக்க வந்தவன். செலவுக்கு எங்களோடு மா குழைத்தான். எல்லாரும் அவனைப் புரொபசர் என்று கூப்பிட்டோம். பகிடிக்குத்தான். அவன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் ஆங்கிலம் தொழிற்சாலையில் பழகியது. மெஷினின் பெயர் தெரியும், லீவு கேட்கத் தெரியும். எனக்கு அது போதும். அவனுக்குப் போதவில்லை. ஒருநாள் யாரோ பிள்ளைகளைப் பற்றிக் கேட்க, "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ரன்" என்றேன். புரொபசர் பேனையை வைத்தான். "அப்படிச் சொன்னா இன்னும் பெத்துக்கிட்டே இருக்கீங்கன்னு அர்த்தம் அண்ணே. வலி நின்னதும் சொல்லுங்க," என்றான். பிறகு அதையே ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கும் விளக்கினான். அறை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் இருக்கும்போது ஆங்கிலத்தில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். சில்லி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு காலத்தில் பாக்கியசாலி என்று பொருளாம், இப்போது முட்டாள் என்று பொருளாம். "சொல்லு ஒரே இடத்துல நிக்காதுலா அண்ணே, நடந்துக்கிட்டே இருக்கும்," என்பான். அதைத்தான் மூன்று வருடம் படிக்கிறானாம். நான் என் சோற்றைச் சாப்பிட்டேன்.

மாவைத் தட்டையாக உருட்டும் மெஷினுக்குக் காப்புக் கதவு ஒன்று உண்டு. அது திறந்திருந்தால் மெஷின் ஓடக்கூடாது. கதவு பழுதாகி, திறந்தபடியே மெஷின் ஓடத் தொடங்கியது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார். இரண்டு நாள் கழித்து என் வலது கை உள்ளே போனது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

கையில் கட்டோடு மானேஜரின் அறைக்குப் போனேன். தன்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சூப்பர்வைசர் சாதித்திருந்தார். நான் சொன்னேனா இல்லையா என்பதுதான் கேள்வி. சொல்லியிருந்தால் பிழை அவர்களுடையது. இல்லாவிட்டால், பழுதென்று தெரிந்தும் கையை விட்ட பிழை என்னுடையது, வேலையும் போகும். என் அரைகுறை ஆங்கிலத்தால் பிழை வந்துவிடக் கூடாது என்று தமிழில் சொல்ல விடும்படி கேட்டேன். மொழிபெயர்க்கப் புரொபசரைக் கூப்பிட்டார்கள்.

"கதவு பூட்டுதில்லை எண்டு நான் முதலே சூப்பர்வைசரோட கதைச்சனான்," என்றேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் கதைக்கிறது என்றால் பேசுவது. அவன் பக்கத்தில் கதை என்றால் இட்டுக்கட்டுவது. அவன் மானேஜரிடம் சொன்னதில் 'ஸ்டோரி' என்ற சொல் என் காதில் விழுந்தது. கதைக்கு ஆங்கிலம் ஸ்டோரி, சரியாகத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். மானேஜர் புருவத்தைத் தூக்கி மறுபடி ஏதோ கேட்டார். புரொபசர் என் பக்கம் திரும்பினான்.

"கதைதானா அண்ணே?"

"ஓம். கதைச்சனான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னத்தை யோசிக்கிறது? கதைச்சனான் எண்டால் கதைச்சனான்தான்."

மானேஜர் எழுதுவதை நிறுத்தினார். உண்மையை ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றார். எதை ஒப்புக்கொண்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த கிழமை எனக்கு வேலை இல்லை.

சில மாதம் கழித்து டூங்கபியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கேக் பெட்டியோடு வந்தான். வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பெட்டை ஒருத்தி பேசக் கேட்டபோதுதான் தான் விட்ட பிழை தெரிந்தது என்றான். சாரி என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதையே அசைன்மென்ட்டா எழுதினேன் அண்ணே. வகுப்புலயே அதுக்குத்தான் முதல் மார்க். உங்க பேரைப் போடல, கவலைப்படாதீங்க. தொழிலாளி ஏ-ன்னுதான் போட்டேன்." அவன் கண் மினுங்கியது. தேத்தண்ணியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றாள்.

"மானேஜரிட்டச் சொன்னியோ?" என்றேன்.

"பரீட்சை முடியட்டும் அண்ணே. ரெண்டு பேரும் போய்ச் சொல்லலாம்."

"இப்ப போன் எடு."

"நான் இன்னும் அங்கதானே வேலை செய்யறேன் அண்ணே."

"தம்பி, கேக்கையும் எடுத்துக்கொண்டு போம்," என்றாள் மனைவி. தேத்தண்ணியைத் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோனாள்.

பரீட்சை முடிந்தது. அவன் வரவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. சின்னப் பெடியன், ஒரு சொல் பிழைத்துவிட்டது, விடு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சொல் யாருக்கும் பிழைக்கும். அதற்காக நான் அவனை வெறுக்கவில்லை. பிழை என்று தெரிந்த பிறகு அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தான் என்பதற்குத்தான். தொழிற்சாலையில் கொடுத்திருந்தால் என் சொல் உண்மை என்று ஆகியிருக்கும். அவன் வாத்தியாரிடம் கொடுத்து மார்க் வாங்கினான். மானேஜரின் அறையில் எழுதியபடி நான் இன்னும் பொய்யன்.

இப்போது ஒரு மளிகைக் கடையில் அரிசிப் பை அடுக்குகிறேன். போன கிழமை அவன் அங்கே வந்தான். உடம்பு வைத்திருந்தது. பட்டம் வாங்கி, புதிதாக வரும் சனத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறானாம். சட்டைப் பையில் மஞ்சள் பேனை. அதன் மூடியிலும் பல் அடையாளம்.

"உங்களோட கொஞ்சம் கதைக்கணும் அண்ணே," என்று அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னான். "பாத்தீங்களா, கதைக்கிறதுன்னா என்னன்னு இப்ப எனக்குத் தெரியும்."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றேன்.

கையை நீட்டினான். வலது கையைக் கொடுத்தேன். மடங்காத இரண்டு விரலும் அவன் உள்ளங்கையில் குத்திக்கொண்டு நின்றன. குனிந்து பார்த்தான். கையை இழுக்கப் பார்த்தான். மிச்ச விரல்களால் இறுக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் விடவில்லை.