கனகராஜ் முள்ளெடுத்து வைத்த மீன்

கனகராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் பெங்களூர் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் கடையில் கொத்தமல்லிக் கட்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நாகண்ணா எழுதியிருந்தார். காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நானும் ஒன்றைத் தொட்டேன், அனுப்பாமல் அழித்தேன். வருத்தம் வந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. இத்தனை வருடமாக அவர்மேல் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் முதலில் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து நாகண்ணா அழைத்தார். "சார், நம்ம தமிழ் மன்ற மலருக்கு அவரைப் பத்தி நீங்கதான் எழுதணும். நம்ம கும்பல்ல உங்க தமிழ்தான் சரியிருக்கு."

"எழுதறேன். ஆனா நல்லவர், வல்லவர்னெல்லாம் எழுத மாட்டேன்."

"நீங்க யாரைப் பத்தி சார் அப்படிச் சொல்லியிருக்கீங்க? பர்வாயில்ல, எழுதுங்க."

எனவே எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு அவர் கைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெப்பகோடித் தொழிற்சாலையில் நாம் எந்திரத் தண்டுகளை அளந்து அனுப்பிய காலத்தில், ஒருநாள் கருவிகள் எல்லாம் சரி என்று சொன்ன ஒரு தண்டின் மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிவிட்டு, "இதுல என்னவோ இருக்கு" என்றார். மறுபடி அளந்தோம். இருந்தது. அப்போது அவர் சொன்னது நினைவிருக்கும்: "கேஜ் பொய் சொல்லாது புரொபசர். புடிக்கிற கைதான் சொல்லும்." புரொபசர் என்பது நான். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டுப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்ததால் அவர் வைத்த பெயர். அது கேலியா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த விசாரணையைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போன ஒரு தொகுதித் தண்டுகள் திரும்பி வந்தன. அவற்றை அனுப்ப வேண்டாம் என்று நான் உற்பத்தி மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னபோது பக்கத்தில் நின்றவர் கனகராஜ் ஒருவர்தான். விசாரணை அறையில் பதினோரு பேர் முன்னால், நான் அப்படிச் சொன்னேனா என்று அவரைக் கேட்டார்கள். "ஞாபகம் இல்ல சார்" என்றார். அவ்வளவுதான். பழி என்மேல் விழுந்து, நான் ஆவண அறைக்கு மாற்றப்பட்டேன். எனக்கு வரவேண்டிய பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்குப் போயிற்று. பழைய கதை என்று சிலர் சொல்வீர்கள். உங்களுக்குப் பழையது.

ஆறு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆவண அறை வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி ரெடியா இருங்க. மங்களூர் போய் மீன் சாப்டுட்டு வந்துடலாம்."

"மீன் சாப்பிட மங்களூரா?"

"ஆமா. ஒரு நாள்தான். போனோம், சாப்ட்டோம், வந்தோம்."

ஏன் ஒத்துக்கொண்டேன்? வழியில் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்வதற்கு இரண்டு பதில்கள் தயாராக வைத்திருந்தேன், ஒன்று கடுமையானது, மற்றது மிகக் கடுமையானது. ஹாசனில் இட்லி சாப்பிட்டோம். அப்போது சொல்வார் என்று பார்த்தேன். சட்னியில் தேங்காய் குறைவு என்றார். சிராடி மலைப்பாதையில் ஒரு லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். அப்போதும் டயரைப் பற்றித்தான் பேசினார். எனக்குக் குழப்பமாக இருந்தது. இந்த மனிதர் எதற்காக என்னை இழுத்துக்கொண்டு போகிறார்?

மங்களூரில் பழைய துறைமுகத்துப் பக்கம், மீன் ஏலம் நடக்கும் இடத்தையொட்டி ஒரு சின்ன ஓட்டல். நல்ல கூட்டம். பரிமாறுகிறவர் வந்து, "அஞ்சல் இதெ, கானே இதெ, பூதாயி இதெ" என்று ஒப்பித்தார். அஞ்சல் என்றால் வஞ்சிரம், கானே என்றால் கிழங்கான். பூதாயி என்றால் நம் மத்தி, உடம்பெல்லாம் முடி முடியாக முள் இருக்கும் சின்ன மீன். கனகராஜ் யோசிக்காமல் பூதாயி புளிமுஞ்சி கேட்டார்.

"இவ்வளவு தூரம் வந்து மத்தியா? சிவாஜிநகர் மார்க்கெட்ல இல்லாததா?" என்றேன்.

"முள்ளு இருக்கிற மீனா இருக்கணும் புரொபசர். இல்லன்னா வந்ததுக்கு அர்த்தமில்ல."

சிவப்புப் புழுங்கலரிசிச் சோறும், புளியும் மிளகாயும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் மீனும் வந்தன. அவர் தன் சோற்றைத் தொடவில்லை. ஒரு மத்தியை எடுத்து, நடுமுள்ளை உருவி, பக்கத்து முட்களைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக நெருடி எடுத்துவிட்டு, சதையை என் இலையில் வைத்தார். பிறகு இன்னொன்று.

"எங்கம்மா கடலூர்க்காரங்க கனகராஜ். நான் பல்லு மொளச்ச நாள்லேர்ந்து மீன் சாப்பிடறவன்."

"தெரியும். சாப்டுங்க."

"நான் என்ன கொழந்தையா?"

"மொதல்ல சாப்டுங்க. அப்புறம் திட்டுங்க."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். ஆவண அறைக்கு அனுப்பியது போதாதென்று மீன் தின்னத் தெரியாதவனாகவும் ஆக்குகிறார் என்று எனக்கு உடம்பு எரிந்தது. ஆனால் சாப்பிட்டேன். ஏழு மணி நேரப் பயணத்தின் பசி. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு அப்படி ஒரு மீன் நான் சாப்பிடவில்லை. ஏழு மீன்கள். நான் கடைசித் துண்டை விழுங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறிப்போன தன் சோற்றை அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தார். "கெளம்பலாம்."

"கடல் பாக்க வேணாமா?"

"அது எங்க போவப்போவுது? வந்த வேல முடிஞ்சுது."

கடல் அந்தத் தெருவின் முனையில் இருந்தது. சத்தம் கேட்டது. நாங்கள் பார்க்காமலே திரும்பினோம். வழி நெடுக அவர் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார். என் இரண்டு பதில்களும் என்னிடமே இருந்தன.

அதன்பின் ஒன்பது வருடம் அவர் என்னிடம் ஒன்றுமே நடக்காதவர்போலப் பழகினார். தோளில் கை போடுவார். நான் கையை விலக்குவேன். அவர் அறிக்கைகளைச் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பி அனுப்புவேன். மகள் கல்யாணப் பத்திரிகையை மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இப்படி வெட்கமே இல்லாத ஒரு மனிதர் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இறந்த ஐந்தாம் நாள் சிவாஜிநகரில் அந்த ஒடுக்கமான சந்துக்குள் இருக்கும் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி விஜயா என்னைப் பார்த்ததும், கூட இருந்த தன் அக்காவிடம், "இவருதான், நான் சொல்வேனே, மங்களூர் சார்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்களுக்கு முள்ளெடுத்து வெச்சாராமே சார். எங்க மாமியார் வீட்டு வழக்கம் அது. யாருக்காச்சும் தப்பு பண்ணிட்டா வாயால கேக்க மாட்டாங்க. முள்ளு ஜாஸ்தி இருக்கிற மீனா வாங்கி, முள்ளெடுத்து அவங்க தட்டுல வெப்பாங்க. அவங்க சாப்ட்டா முடிஞ்சுது. ஏன் வெச்சோம்னு சொல்லக் கூடாது. சொல்லிட்டா செல்லாது."

விஜயா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த விசாரணையில பயந்துட்டார் சார். அவ்ளோதான். ஆறு மாசம் சரியா தூக்கமில்ல. மங்களூர்லேர்ந்து வந்து, புரொபசர் ஏழு மீனும் சாப்டுட்டாருன்னு சொல்லிட்டுப் படுத்தவருதான், மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுந்திரிக்கல." பிறகு கேட்டார்: "அன்னிக்கே உங்களுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு இல்ல சார்?"

இல்லை என்பதுதான் உண்மை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். "சாப்பிட்டேம்மா. ஏழும் சாப்பிட்டேன்" என்றேன். அதுவும் உண்மைதான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் கன்னடப் பள்ளியில் படித்தவர், இந்த மலரைப் படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, எனக்குத் தெளிவாகவில்லை. பதினோரு பேர் கேட்க வாயால் செய்த தவறை, ஓர் ஓட்டலில் கையால் சரிசெய்துவிட முடியுமா? முடியாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். "ஞாபகம் இருக்கு சார்" என்று அவர் அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மன்னிப்பை அறியாமல் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதானே? கொடுத்துவிட்டு ஒன்பது வருடம் தண்டித்துக்கொண்டிருந்த எனக்கு என்ன பெயர்?

போன ஆண்டு அவர் விருப்ப ஓய்வு பெற்ற அன்று, பதிவேடுகளை ஒப்படைக்க ஆவண அறைக்கு வந்தார். நான் தலை நிமிராமல் கையெழுத்து வாங்கினேன். போகாமல் நின்று, தணிந்த குரலில் கேட்டார்: "மறுபடியும் நான் என்ன பண்ணிட்டேன் புரொபசர்?" மறுபடியுமா, முதல் தடவை செய்ததை எப்போது ஒப்புக்கொண்டாய் என்று உள்ளே கொதித்தது. வேண்டுமென்றே தாளை அவர் பக்கம் தள்ளி, "இதுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு" என்றேன். எதுவும் விட்டுப்போகவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தேடினார். இடம் அகப்படவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளின் அடியில் ஒன்றும் அச்சிடாத வெள்ளைப் பகுதியில் தன் பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். கோப்பில் வைக்க வேண்டியது. வைக்கவில்லை.