முப்பத்தொரு பாரும் ஒரு டெப்பும்

மசூர் குடியிருக்கும் வீடு சுஹறாவுக்குச் சீதனமாக வந்தது. கல்முனைக்குடியில் அது புதினமில்லை. மாப்பிள்ளைமார் எல்லாரும் பெண்டாட்டி வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் மசூர் ஓட்டுகிற ஆழ்கடல் படகும் சுஹறாவின் கூடப்பிறந்த காக்கா, மூத்தவர் அப்ராஸுடையது. படுக்கிற இடமும் பிழைக்கிற இடமும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால், மனிதனுக்கு முகம் சுளிக்கக்கூட ஒரு மூலை கிடைப்பதில்லை.

இருபத்திரண்டு வருசம் தண்டயலாகப் படகு ஓட்டியதில் அவனுக்கென்று சேர்ந்தது முப்பத்தொரு பார்தான். பார் என்றால் மீன் கூடி நிற்கும் கடலடிப் பாறை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, இடத்தின் இலக்கங்களைப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதி, அலுமாரியில் சாரன்களுக்கு அடியில் வைத்திருந்தான். முதல் இரண்டு பாருக்கும் மகள்மாரின் பெயர்.

போன பயணத்தில் படகிலிருந்த வழிகாட்டிக் கருவி உப்பேறிச் செத்துப்போனது. வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு அப்ராஸ் வந்தார். தட்டவில்லை, தங்கச்சி வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்? கையில் சிலேட்டு அளவில் ஒரு புது டெப்.

"ரெண்டு மென்பொருள் போட்டிரிக்கன் மச்சான். ஒண்ட எடுங்க. நாளைக்கு ஜும்ஆ முடியப் போட் வெளிக்கிடணும்."

ஒன்று இலவசம். வெறும் வரைபடம், கடல் எல்லைகூடக் காட்டாது. குறித்த இடங்கள் டெப்புக்குள்ளேயே கிடக்கும். மற்றது ஆழம் காட்டும், எல்லையை நெருங்கினால் கத்தும். ஆனால் போகப்போகிற இடங்களைக் கரையில் வைத்துக் குறித்தவுடனே, அவை அப்ராஸின் போனிலும் போய் உட்கார்ந்துவிடும்.

"இலவசத்தையே எடுப்பம். லேசா இரிக்கி," என்றான் மசூர்.

"லேசா இரிந்து என்ன செய்ய? மத்ததுதான் நல்லம். ஒங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தாலும் வேற தண்டயல் ஒருத்தன் கொண்டு போவான். போட்டு சும்மா கிடக்கேலாதே."

அதுதான் விசயம். பார்கள் தெரிந்துவிட்டால் அந்தப் படகுக்கு எந்தத் தண்டயலும் போதும்.

சுஹறா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "சப்ரிட போட் எஞ்சின் நிண்டு, வேற நாட்டுக் கடலுக்குள்ள இழுபட்டு, அங்க புடிபட்டு எட்டு மாசம் கிடந்தாங்க. எங்க கிடக்காரெண்டு தெரியாம அவர்ட பொண்டாட்டி அலைஞ்ச அலைச்சல நான் பாத்தன். எனக்கு ஏலா. கத்துறதையே எடுங்க."

"கத்துறதுக்குத்தான் நீ இரிக்காயே."

"நான் கத்தி எப்ப கேட்டீங்க?"

அப்ராஸ் சிரித்தார். மசூரும் சிரித்தான், வேறு என்ன செய்ய? அவன் மனதுக்குள் ஒரு வழி வைத்திருந்தான். குறிக்கும்போது ஒவ்வொரு பாருக்கும் ஒரு இலக்கத்தை மாற்றிவிடுவது. சரியானது கொப்பியில் இருக்கட்டும்.

கத்துகிற மென்பொருளின் மேல் விரலை வைத்தான். தூண்டில் நரம்பு அறுத்து அறுத்துத் தடித்த பெருவிரல். திரை அதை மதிக்கவில்லை. மூன்று தரம் அழுத்தியும் அசையவில்லை. சுஹறா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தானே தொட்டாள். நீல அம்பொன்று தோன்றி, அவர்கள் வீட்டுக்கு மேலே அசையாமல் நின்றது.

பிறகு அவள் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துவந்தாள். அது அவளுக்குத் தெரியும் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவள் வாசிக்க, அப்ராஸ் அடித்தார். 'றஸ்னா' முடிந்தது. 'ஸம்றா'வில் ஏழு என்ற இலக்கத்தை அவள் ஒன்று என்று வாசித்தாள். மசூரின் ஏழுகள் அப்படித்தான் இருக்கும். வாய் திறக்காமல் இருந்தால் போதும். அவன் ஏமாற்றவேகூடத் தேவையில்லை.

"காக்கா, இவர் சொன்ன நாளைக்கு வரல்லெண்டா இந்த இடங்கள்லதானே தேடுவீங்க?"

"ஓம். வேறெங்க தேடுற?"

மசூர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். சுஹறா இலக்கத்துக்கு மேல் விரலை வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"அது ஒண்டில்ல," என்றான். "ஏழு."

அப்ராஸ் அழித்துவிட்டு ஏழு போட்டார். இன்னும் இருபத்தொன்பது பார் இருந்தது.