புளியம்பூஞ்சை டாக்டர்

கோகிலவாணிக்கு அரசாங்கம் சும்மா படிப்பதற்கே மாதம் நாற்பதாயிரம் கொடுக்கிறது என்று கடத்தூரில் ஒரு பேச்சு. டீக்கடையில் கிளம்பும்போது அது முப்பதாயிரமாகத்தான் இருந்தது. பஸ் நிலையம் வருவதற்குள் பத்தாயிரம் ஏறிவிட்டது. சரி, என்னதான் உண்மை என்று விசாரித்தால், முழுப் பொய்யும் இல்லை. கொடுத்தது. மூன்று வருஷம் கொடுத்தது. ஆராய்ச்சிதான் ஏழு வருஷம் நடந்தது. மீதி நாலு வருஷம் உதவித்தொகை வழங்கியது அவள் அப்பா தீர்த்தகிரியின் தக்காளி. விலை விழுந்த மாதங்களில் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டினாலும் வழிகாட்டி ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் சேர்க்கை. பேராசிரியர் சந்திரமோகன் ஏற்றுக்கொண்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: புளியமரத்தில் வரும் பூஞ்சை.

"புளியப் பத்தியா ஏழு வருசமாப் படிக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள். "நாங்க புளி தட்டியே மூணு பொண்ணக் கட்டிக் குடுத்துட்டோம்."

போன மாசியில் வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியூர்ப் பேராசிரியருக்குப் பொன்னாடை, துறைக்குப் பிரியாணி, எல்லாம் அவள் செலவு. முப்பத்து மூன்று வயதில் டாக்டரானாள்.

பங்குனியில் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தாவரவியலில் ஒரே ஒரு இடம், சம்பளம் பதினெட்டாயிரம், திங்கட்கிழமை நேர்காணல், பட்டச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அவளுக்கு வந்த முதல் அழைப்பு அதுதான்.

சான்றிதழுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் பாக்கி இல்லை என்ற கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை போனாள். நூலகர் சகாயமேரி கணினியைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒரு புக்கு நிக்குதுங்களே. பூஞ்சை புக்கு, பெருசு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் துறையில் பேராசிரியரின் கணக்கு நிரம்பிவிட்டால் மாணவரின் அட்டையில் புத்தகம் எடுப்பார்கள். அட்டையை நீட்டுவது மரியாதை. புத்தகத்தைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு. அவள் கடைசிவரை மரியாதையாகவே இருந்துவிட்டாள்.

வாசலுக்கு வந்து போன் போட்டாள்.

"அந்தப் புக்காம்மா?" என்றார் சந்திரமோகன். "ரிடையராகி வூடு மாத்தும்போது பழைய பேப்பர்காரன் அள்ளிக்கிட்டுப் போயிட்டான். நீதான் டாக்டராயிட்டியே, அது இன்னும் எதுக்கு?"

"நோ டியூ வேணுங்க சார்."

"நீ வெவரமான பொண்ணு, பாத்துக்குவ." போன் வைக்கப்பட்டது.

உள்ளே திரும்பி, விலையைக் கட்டிவிடுவதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"காசு வாங்கறதில்லைங்க. அதே புக்குதான் வேணும். அது இப்ப அச்சுல இல்ல," என்றார் சகாயமேரி. "தள்ளுபடி பண்ண கமிட்டி கூடணும்."

"எப்பங்க கூடும்?"

"கமிட்டித் தலைவர் போஸ்ட்டு ரெண்டு வருசமா காலிங்க."

"அதுக்காச்சும் அப்ளிகேசன் போடலாமுங்களா?"

சகாயமேரி சிரித்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

திங்கட்கிழமை சான்றிதழ் இல்லாமலே போனாள். ஒரு இடத்துக்கு அறுபத்தொரு பேர். அதில் ஐம்பது பேர் டாக்டர்கள். வாசலில் காகிதம் சரிபார்த்தவர் அவள் கோப்பை இரண்டு முறை புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். பத்தரைக்கெல்லாம் அவள் திரும்பும் பஸ்ஸில் இருந்தாள்.

இப்போது கடத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். மாதம் பிறந்தால் நூலகத்திலிருந்து குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது: 'அன்புள்ள மாணவியே, தங்கள் பெயரில் ஒரு நூல் நிலுவையில் உள்ளது.'