தடம் விழாத கட்டு

இன்றைக்கும் பல்லடம் ரோட்டில், மொபெட்டின் பின்னால் துணிக்கட்டும் அதன்மேல் ஒரு பிள்ளையுமாக யாராவது போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டியை மறித்துச் சண்டையே போட்டிருக்கிறேன். போட்டு என்ன? நானும் அப்படி உட்கார்ந்து போனவள்தானே.

அப்போது எனக்கு எட்டு வயது. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து வெட்டிய துணிகளை வாங்கி வந்து, அம்மா வீட்டில் தைத்துத் திருப்பிக் கொடுப்பாள். மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் ஒரு கட்டு, பின் சீட்டில் ஒரு கட்டு, அதன்மேல் நான். கட்டு சரியாமல் அமுக்கிப் பிடிப்பது என் உத்தியோகம். "கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு, உழுந்தா பீஸு அழுக்காயிரும்" என்பாள் அம்மா. இருந்த ஒரே ஹெல்மெட் போலீஸ் நிற்கும் முக்கு வரைக்கும் ஹேண்டில்பாரில்தான் தொங்கும்.

கயிறு போட்டுக் கட்டக் கூடாது என்பது கம்பெனி சூப்பர்வைசரின் சட்டம்.

"கயித்துல கட்டுனா வெள்ளத்துணியில தடம் விழுந்துருமுங்க அக்கா" என்று சொல்லி, பனியன் வேஸ்டில் ஒரு நீளத் துண்டை எடுத்து நீட்டுவான். பனியன் துணி இழுத்தால் நீளும். ஊரே அதில் பிழைக்கிறது, இது தெரியாத ஆள் உண்டா? அம்மாவுக்கும் தெரியும். எதிர்த்துப் பேசினால் அடுத்த கட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு கட்டினாள்.

ஒருநாள் கம்பெனி வீதி வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. துண்டு நீண்டு, கட்டு ஒருபக்கமாகச் சரிந்தது. சொன்ன வேலையை விடாமல், அதைப் பிடித்தபடியே நானும் விழுந்தேன். நெற்றி பிளந்துவிட்டது. அம்மா வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, சிதறிக் கிடந்ததில் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து என் நெற்றியில் அழுத்தினாள்.

நான் அவள் கையைத் தள்ளினேன். "வேண்டாம்மா, பீஸு அழுக்காயிரும். என்ற பாவாடையிலயே தொடச்சுக்கறேன்."

பளாரென்று ஓர் அறை விட்டாள்.

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டான். பாவி மனுஷன், முதலில் துணியைத்தான் தூக்கிப் பார்த்தான். "எத்தன பீஸுங்க அக்கா டேமேஜு?"

"தடம் விழக்கூடாதுன்னு சொன்னீங்கல்லங்க? எம்புள்ள நெத்தியில விழுந்திருக்குது. இதையுஞ் சேர்த்து எண்ணிக்கோங்க" என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு 'ங்க'!

ஐந்து தையல். அன்றோடு அந்தக் கம்பெனி வேலையும் போயிற்று. நான் பல நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடிபட்டுக் கிடந்தபோதும் துணியைக் காப்பாற்றிய பிள்ளையை எதற்கு அடித்தாள்? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னது அவளுடைய வார்த்தை என்பது, அந்த வீதியில் அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.